பேக்கப்பை எடுத்தது யார்?

“இந்தப் பொண்ணு வாயிலேருந்து உண்மையை வரவழைச்சுக் கொடுங்க, சார். அப்புறம் போலீஸ்ல ஒப்படைச்சிடுறேன்” என்றபடியே உள்ளே வந்தார் வேலாயுதம். பின்னால் வந்த ரூபி நின்றுகொண்டே இருந்தாள். சம்சுன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் நாற்காலியை அவளிடம் தள்ளினாள்.

சிராங்கூன் சாலையில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது துப்பறிவாளர் அற்புதராஜின் அலுவலகம். அவருடைய உதவியாளர் சம்சுன்னிசா யாரைக் கண்டாலும் முதலில் சந்தேகப்படுவாள், அல்லது இரக்கப்படுவாள். அற்புதராஜ் எதற்கும் அவசரப்படாத மனிதர்.

வேலாயுதம் கப்பல் சரக்கு ஏஜென்சி நடத்துகிறவர். தலைமை அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர். உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் கிளைகள் டெலிபோன் லைன் வழியாக அதோடு பேசும். எண்பத்தாறாம் ஆண்டில் அது சாதாரணப் பெருமையா என்ன! திங்கட்கிழமை காலை ஏர்கானிலிருந்து தண்ணீர் ஒழுகி, டிஸ்க் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் என்று சொல்ல இப்போது நாதியில்லை.

“அதுக்குத்தானே தினமும் பேக்கப் எடுக்கச் சொன்னேன்! ரூபி டேப்புல காப்பி எடுத்து டப்பாவுல வைப்பா. கணக்கு பார்க்கிற அல்போன்சம்மா அதைத் தோ பாயோ வீட்டுக்குக் கொண்டுபோவாங்க. ஆபீஸே எரிஞ்சாலும் டேப் பிழைக்கும்லா.”

“எத்தனை டேப்?”

“ஒண்ணுதான். அதுலயே திரும்பத் திரும்ப எடுக்கலாமே.”

“இன்னொண்ணு வேணும்னு கேட்டேன், சார்” என்றாள் ரூபி மெதுவாக. வேலாயுதம் அவளை முறைத்தார்.

“திங்களன்னைக்கு அந்தம்மாவுக்குக் காய்ச்சல். போன் அடிச்சேன். டிஸ்க் போயிருச்சுன்னதும், ‘ஐயோ, ரூபி பேக்கப்பை எடுத்துட்டாளே’ன்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. நானே போய் டப்பாவை வாங்கிட்டு வந்து ஆபீஸ்ல திறந்தேன். காலி! மூடியைத் தொட்டதே இல்லைன்னு அவங்க மாதா மேல சத்தியம் பண்றாங்க.”

“போன்ல சொன்னது அதே வார்த்தையா?”

“அதே வார்த்தைதான்.”

ரூபி அழாமல் பேசப் பார்த்தாள். “சனிக்கிழமை பேக்கப் எடுத்தேன், சார். டேப்பை டப்பால வச்சு ஆன்ட்டி கையில கொடுத்தேன். எனக்கு வேலை வாங்கித் தந்ததே அவங்கதான். நான் எல்லைப் பாலம் தாண்டி ஜொகூர்லேருந்து தினமும் வர்றவ. வேலை பெர்மிட் போச்சுன்னா எல்லாம் போச்சு.”

“உன் மேல யாருக்காவது கோபமா?”

“இல்ல சார். ஆன்ட்டி மகன் அந்தோனியும் எங்க ஆபீஸ்தான். ரெண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கிறதா போன வாரம் ஆன்ட்டிகிட்ட சொன்னோம். அவங்க சிரிச்சாங்க.”

அவர்கள் இறங்கிப் போனதும் சம்சுன்னிசா துள்ளினாள். “முதலாளிதான், சார்! முழியே சரியில்லை.”

“முழியை விடும்மா. போன்ல வந்த வார்த்தையைப் பாரு.”

மறுநாள் வேலாயுதத்தின் அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். அல்போன்சம்மாளின் நாற்காலிக்குப் பின்னால் அந்தோனி நின்றான். அற்புதராஜ் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார்.

“அம்மா, கல்யாண வீட்டுல ஒருத்தர் போட்டோ எடுத்தார்னா என்ன அர்த்தம்?”

“படம் புடிச்சார்னு அர்த்தம்.”

“இந்தப் போட்டோவை எடுத்தார்னா?”

“கழட்டிட்டுப் போயிட்டார்னு...” அல்போன்சம்மாளின் குரல் பாதியில் நின்றது.

“இங்க எல்லாரும் ‘பேக்கப் எடுத்தேன்’னுதான் சொல்றாங்க. நீங்க ‘பேக்கப்பை எடுத்துட்டாளே’ன்னீங்க. தூக்கிட்டுப் போயிட்டான்னு குத்தம் சொன்னீங்க. முதலாளி அதை, காப்பி பத்திரமா இருக்குன்னு எடுத்துக்கிட்டார். அப்ப டப்பா இன்னும் உங்க வீட்லதான் இருந்துச்சு. மூடியைத் தொடாத உங்களுக்கு, உள்ளே டேப் இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுது?”

சம்சுன்னிசாவுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அல்போன்சம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது.

“டிஸ்க் சாகும்னு நான் கண்டேனா? காலி டப்பாவைத் திறந்ததும் இவளை விரட்டிடுவாங்க, பாலத்துக்கு அந்தப் பக்கமே கிடப்பான்னு நினைச்சேன். என் பிள்ளைக்கு வேற பொண்ணா கிடைக்காது?”

“டேப் எங்கே?” என்று அலறினார் வேலாயுதம்.

“ஞாயித்துக்கிழமையே அடுக்குமாடிக் குப்பைக் குழாயில போட்டுட்டேன். லாரி வந்து அப்பவே வாரிட்டுப் போயிருக்கும்.”

ரூபி அந்தோனியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. குனிந்து தாயின் கைப்பையை எடுத்துக்கொண்டான். “வாங்கம்மா, போலாம்” என்றான். சம்சுன்னிசாவுக்கு அவனை அறைய வேண்டும்போல வந்தது.

“ரூபிகிட்ட ஒரு வார்த்தையாவது சொல்லுங்க, சார்” என்றாள் வேலாயுதத்திடம்.

“என்னத்தைச் சொல்றது? இவ மேல தப்பு இல்லைதான். டேப் இல்லாம கம்பெனியை நடத்த முடியாது, மூட வேண்டியதுதான். கம்பெனியே இல்லைன்னா பெர்மிட் ஏது?”

“ரெண்டாவது டேப்பை அவ கேட்டப்பவே வாங்கியிருக்கலாம்” என்றார் அற்புதராஜ். வேலாயுதம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அன்று மாலை ஜொகூர் பேருந்து வரிசை வரைக்கும் இருவரும் ரூபியோடு நடந்தார்கள்.

“நான் ஒண்ணும் பண்ணலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சுல்ல, சார்?”

“தெரிஞ்சிருச்சும்மா.”

“அப்ப ஏன் வேலை போச்சுன்னு அம்மா கேட்டா என்ன சொல்றது?”

வரிசை நகர்ந்தது. ரூபி பேருந்தில் ஏறிக்கொண்டாள்.