நடைப் புத்தகத்தில் மூன்று பெயர்

மை இன்னும் காயவில்லை. பக்கத்தைப் புரட்டப்போன புளோறன்ஸின் கட்டைவிரலில் அது நீலமாக ஒட்டிக்கொண்டது.

ஸ்டெய்ன்ப்ருவான் குளத்துக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. அதன்மேல் பச்சை நிறத் தகரப் பெட்டி ஒன்று. பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கொப்பி, நூலில் கட்டிய ஒரு பேனா. ஏறி வருகிறவர்கள் தேதியையும் பெயரையும் எழுதிவிட்டு இறங்குவார்கள். நோர்வேக்காரருக்கு இது பெரிய விஷயம்; எழுதாவிட்டால் ஏறியதாகவே கணக்கில்லை. கீழே குளக்கரையில் குரோருட் ஊரார் காட்டில் கூடும் இலையுதிர்கால வெளிநாள் நடந்துகொண்டிருந்தது. விறகுப் புகையும் வாஃபில் வேகும் மணமும் ஈர இலையின் புளித்த வாசனையோடு கலந்து மரங்களுக்கிடையால் மெதுவாக மேலேறி வந்தன. மரங்களுக்கிடையே நட்ட போஸ்ட் கம்பங்களைத் தேடி வரைபடத்தோடு ஓடித் திரிந்த பிள்ளைகளின் சத்தமும், யாரோ விடாமல் மீட்டிக்கொண்டிருந்த கிட்டாரின் ஒரே சுரமும், போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கேட்பதுபோல் மங்கலாகக் கேட்டன.

கடைசி வரியில் இன்றைய தேதி இருந்தது. அதற்குப் பக்கத்தில், நோர்வேஜியப் பெயர்கள் நிறைந்த அந்தப் பக்கத்தில், தமிழில் இரண்டு பெயர்கள்.

செபஸ்ரியன், நோரா.

செபஸ்ரியன் அவள் கணவன். போன வருடம் இதே வெளிநாளில் இந்தப் பாறைக்கு ஏறி வந்து, மூன்று பேரின் பெயரையும் எழுதி, "இந்தப் புத்தகத்திலை தமிழ் எண்டா நாங்கள் மட்டும்தான்" என்று சொல்லிச் சிரித்து, மூச்சு வாங்க உட்கார்ந்தவன். பிறகு எழும்பவில்லை. நோரா அவர்களுடைய மகள். அப்போது ஒன்பது வயது, இப்போது பத்து.

எழுத்து அவனுடையதுதான். 'ஸ்' எழுதும்போது அதன் வாலை அடுத்த கோடுவரை இழுத்துவிடுவான். சம்பளப் படிவத்தில்கூட அப்படித்தான்.

பயம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. ஒரு வருடமாக அவளுக்கு எதுவும் வருவதில்லை. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் ஒருநாள் கை சுட்டது. கருகல் மணத்தை வைத்துத்தான் அறிந்தாள். பிள்ளை அழுதால் துடைத்துவிடுவாள், சிரித்தால் தானும் பல்லைக் காட்டுவாள். மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் நல்ல பெயர்தான், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அவள் பின்னோக்கிப் புரட்டினாள். போன ஞாயிறு. அதற்கு முந்திய ஞாயிறு. வசந்தம், பனிக்காலம், முழங்கால் ஆழப் பனியில் ஒருவரும் ஏறாத தை மாத ஞாயிறுகள். எல்லாவற்றிலும் ஒரே கை, ஒரே வாக்கியம்.

செபஸ்ரியன். நோரா வருவா.

முதல் வரியின் தேதி, அவனைப் புதைத்த நாளுக்கு அடுத்த ஞாயிறு.

புதைத்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உணராமல் பார்த்ததால் ஒன்றும் கலங்காமல் அப்படியே இருந்தது. வெளியே புறப்படும்போது "போறன்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று நோராவுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லிப் பழக்கியவள் அவள்தான். பள்ளிக்கூடம் போனாலும், குப்பை கொட்டப் போனாலும் பிள்ளை அப்படித்தான் சொல்லும். கேட்கிற தமிழ்ச் சனம் எல்லாம் நல்ல வளர்ப்பு என்று மெச்சும். செத்த வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது, சொல்லாமல் பறையாமல் எழும்பிப் போய்விட வேண்டும் என்பதை அவள் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டாள். யார்தான் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுப்பார்கள்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் நோரா அதற்குள் குனிந்தாள். "போட்டு வாறன், அப்பா" என்றாள், தெளிவாக, நல்ல பிள்ளையாக.

பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்த சத்தம் புளோறன்ஸுக்குக் கேட்டது. திருத்த வேண்டும் என்றும் நினைத்தாள். ஆனால் வாயைத் திறப்பதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டாள். பிறகு ஒரு வருடம் ஓடிவிட்டது. இன்றைக்கு வரமாட்டேன் என்றுதான் இருந்தாள், நோரா விடவில்லை. பிள்ளை காட்டுக்குள் கால் வைத்தது செத்த வீட்டுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

கொப்பியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு இறங்கினாள். முதலில் நடந்தாள். பாதி வழியில், தான் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

நோரா நெருப்புக்குப் பக்கத்தில் மரக்குற்றியில் இருந்தாள். சட்டைக்கு மேல் இருட்டில் மினுங்கும் மஞ்சள் ஒளிரங்கி, கையில் ஒரு குச்சி, குச்சியின் நுனியில் பாதி கருகிய பொல்சே சொசேஜ். சப்பாத்து நாடா இரண்டும் அவிழ்ந்து சேற்றில் கிடந்தன. அவளுக்கு நாடா கட்ட வராது. செபஸ்ரியன்தான் குந்தியிருந்து இரட்டை முடிச்சுப் போட்டுவிடுவான், இரவுவரை அவிழாது. எதிர்வீட்டு டிலக்சி பக்கத்தில் நின்று சனத்துக்கு ரோல்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, வேர்த்துப்போய் நிக்கிறியள்?" என்றாள் டிலக்சி.

"ஒண்டுமில்லை."

புளோறன்ஸ் பிள்ளைக்கு முன்னால் குந்தினாள்.

"நோரா, மேலை பாறைக்குப் போனனியா?"

"இல்லை. போஸ்ட் எல்லாம் இஞ்சை கீழைதானே."

"அப்பாட்டை அண்டைக்கு ஒண்டு சொன்னனியெல்லோ, சேர்ச்சிலை."

"ஓம். போட்டு வாறன் எண்டு."

"இப்ப சொல்லு, வரமாட்டன் எண்டு. இஞ்சை இருந்தே சொல்லு, காணும்."

நோரா பொல்சேயை ஊதினாள். நிதானமாக ஊதினாள்.

"சொன்னா சொன்னதுதானே அம்மா. பொய் சொல்லக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அம்மாக்காகச் சொல்லு."

"அப்பா பாவம். ஒவ்வொரு கிழமையும் பாத்துக்கொண்டு இருக்கிறார்."

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள் நோரா, ஒரு கடி கடித்தாள்.

நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. மரத்துப்போன காலில் இரத்தம் திரும்பும்போது குத்துமே, அப்படி. நல்ல உணர்ச்சி ஒன்றும் இல்லை.

"டிலக்சி, இவளைப் பாத்துக்கொள்ளும். கையைப் பிடிச்சுக்கொண்டு நில்லும், விடாதையும்" என்றாள். டிலக்சி ஏன் என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

மறுபடி ஏறியபோது காட்டில் வெளிச்சம் வற்றத் தொடங்கியிருந்தது. ஐந்து மணிதான், ஆனால் ஐப்பசியில் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஐந்து மணி போதும். கிட்டார் நின்றுவிட்டது. காற்றில்லாமலே இலைகள் விழுந்தன, ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றும் விழுகிற சத்தத்தோடு. பாறைக்குக் கிட்டே போனபோது அவனுடைய மணம் வந்தது. ஈரக் கம்பளி, பெற்றோலியம் ஜெல்லி, வாயில் எப்போதும் கிடக்கிற ஏலக்காய்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கொப்பியை எடுத்தாள். நோராவின் பெயரை வெட்டினாள். இன்னொரு தடவை வெட்டினாள். கடதாசி கிழியும்வரை வெட்டினாள். அதற்குக் கீழே பெரிதாக எழுதினாள்.

புளோறன்ஸ்.

"பிள்ளையை விடுங்கோ. அவளுக்குத் தெரியாது, சின்னப் பிள்ளை" என்றாள், பெட்டியைப் பார்த்துக்கொண்டு. "நான் வாறன்."

முதுகுப் பக்கத்தில் குளிர் கொஞ்சம் கூடி, பிறகு விலகியது. விலகியது என்றுதான் அவள் நினைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பிள்ளையின் கையை விடவில்லை. அன்றிரவு பிள்ளையைத் தன் கட்டிலிலேயே படுக்கவைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விடியும்வரை அந்தச் சூடான சின்ன மூச்சைக் கேட்டபடி கிடந்தவளுக்கு, நெடுநாளைக்குப் பிறகு அழுகை வந்தது. பிள்ளை தப்பிவிட்டது. தனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை.

திங்கட்கிழமை காலை வேலை ஆறரைக்கு. நோரா நித்திரையில் இருந்தாள். ஏழு மணிக்கு டிலக்சி வந்து எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்புவாள், அது வழக்கம்தான். புளோறன்ஸ் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டாள். கதவடியில் நின்று, தினமும் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"போறன்" என்றது வாய்.

அவள் அதைக் கேட்டாள். திருத்தப் பார்த்தாள். நாக்கு அசையவில்லை. சரி, கேட்டதுதானே கிடைத்தது என்று கதவைச் சாத்தினாள். நெஞ்சுக்குள் மறுபடி ஒன்றும் இல்லாமல் போயிருந்தது.

படிக்கட்டு விளக்குகள் ஆள் அசைந்தால் எரியும். ஆள் போனதும் அணைந்துவிடும். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினாள். இரண்டாம் மாடி விளக்கு எரிந்தது. இரும்புக் கைபிடி குளிர்ந்தது. தரையில் ஈரம். பைன் ஊசிகள். ஏறிப்போன பெரிய சப்பாத்தின் தடங்கள். எல்லாம் மேல்நோக்கி.

அவள் நின்றாள்.

மேலே மூன்றாம் மாடி விளக்கு அணைந்திருக்க வேண்டும்.

அணையவில்லை.

ஏலக்காய் மணம்.

நிமிர்ந்து பார்த்தாள். மேல்படியில் நோரா நின்றாள். இரவுச் சட்டை. அதன்மேல் மஞ்சள் ஒளிரங்கி. கண்கள் பாதி மூடியிருந்தன. சப்பாத்து இரண்டும் காலில், நாடா இறுக்கமாக, இரட்டை முடிச்சில். இடது கை பக்கத்தில் தொங்கியது. வலது கை தலைக்கு மேலே உயர்ந்து நின்றது, விரல்கள் மடிந்து, ஒருவருமில்லாத இடத்தில் எதையோ இறுகப் பிடித்தபடி.