நாற்பத்தொரு நிமிடப் பதிவு

விளம்பரத்தின் கடைசி வரிதான் அவளை உறுத்தியது. 'ஒரே ஒருவர் பயன்படுத்திய கருவி. இன்னும் பயன்படுத்துகிறார்.'

பழைய மின்னணுச் சாமான்களை இணைய ஏலத்தில் விற்பவர்கள் எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். 'லேசான கீறல்' என்றால் திரையே உடைந்திருக்கும். 'சோதித்துப் பார்க்கவில்லை' என்றால் சோதித்துப் பார்த்தாயிற்று, ஓடவில்லை என்று அர்த்தம். விற்கும் பொருளை இன்னும் ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் ஆளை மட்டும் அவள் இதுவரை பார்த்ததில்லை.

நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. முன்னறையில், சுவரைப் பார்த்துப் போட்ட மேசையில், காதை முழுசாக மூடும் ஹெட்போனோடு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஹெட்போன், கணினி எல்லாமே ஏலத்தில் எடுத்தவைதான். எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதில்லை. வரிசை எண் தெரியும்படி படம் கேட்பாள். இன்றைய தேதியைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து இன்னொரு படம் கேட்பாள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்தது. "ஒரு சார்ஜர் வாங்கறதுக்குப் போலீஸ் விசாரணையே நடத்துவியேக்கா" என்று தம்பி கிண்டல் செய்வான். உண்மையில், சில வாரங்களில் அவளோடு பேசும் மனிதர்களே அந்த விற்பவர்கள்தான். அதனால் கேள்விகள் கொஞ்சம் நீண்டுவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் படத்திலிருந்த வரிசை எண்ணை, இழுப்பறையில் கிடந்த உத்தரவாத அட்டையோடு ஒத்துப் பார்த்தாள். ஓர் இலக்கம்கூட மாறவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் அவளே ஏலத்தில் விற்ற ஒலிப்பதிவுக் கருவி.

அது அவள் கணவருடையது. விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேத மதிப்பு சொல்பவர். "முன் பம்பர் போச்சு, ரேடியேட்டர் பொழச்சுது" என்று அதில் பேசிக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவார். சத்தம் கேட்டால் தானே ஓடத் தொடங்கி, சத்தம் அடங்கினால் தானே நின்றுவிடும் ரகம். படுக்கும்போதும் தலைமாட்டில்தான் கிடக்கும். காய்ச்சல் என்று விடுப்புப் போட்டுப் படுத்த ஒரு மதியம், உள்ளறையில் அவர் உயிர் பிரிந்தது. முன்னறையில் அவள் ஹெட்போனோடு உட்கார்ந்து யாருடையதோ சொத்துத் தகராறைத் தட்டிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எல்லோரிடமும் சொன்னாள். தம்பியிடமும் அப்படித்தான்.

மறுவாரம் கருவியைக் கையில் எடுத்தபோது அதில் புதிதாக ஒரு பதிவு இருந்தது. அன்றைய தேதி. நாற்பத்தொரு நிமிடம். தூக்கத்தில் போகிறவர் நாற்பத்தொரு நிமிடம் சத்தம் எழுப்புவதில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை, அழிக்க மனம் வரவில்லை. விற்கும் முன் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவள், அழிக்காமலே பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து நிம்மதியில்லை. அவர் கூப்பிட்டாரா? அது தெரிந்தால் போதும் அவளுக்கு.

ஏலம் மாலை ஆறு மணிக்கு முடிகிறது. வேறொருவரும் விலை கேட்டிருந்தார். விற்பவருக்கோ நற்சான்று ஒன்றுகூடக் கிடையாது. வேறு பொருளாக இருந்தால் அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டாள். 'மைக் வேலை செய்கிறதா? பத்து நொடி பதிந்து அனுப்புங்கள்' என்று எழுதினாள். அனுப்பிவிட்டு விரலை எடுப்பதற்குள் ஒலிக்கோப்பு வந்துவிட்டது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். யாரும் பேசவில்லை. ஆனால் அவள் காது லேசுப்பட்டதல்ல. பதிவைக் கேட்டே அது எந்த அறை, ஜன்னல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். சின்ன அறை. விரிப்பில்லாத வெறும் தரை. மூன்று சுற்றுக்கு ஒருமுறை இடறி ஓடும் மின்விசிறி, அதற்கு அப்பால் எங்கோ ஒரு ஃபிரிட்ஜ் முனகி, குலுங்கி, நிற்கிறது. இன்னொரு முறை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். தலைக்கு மேலே மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை இடறிக்கொண்டிருந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகி, குலுங்கி, நின்றது.

எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே தம்பியை அழைத்தாள்.

"என்னக்கா, சாப்டியா?"

"ம். மாமாவோட ரெக்கார்டர் ஏலத்துக்கு வந்திருக்குடா."

"விட்டுத் தள்ளுக்கா. கிளம்பி இங்க வாயேன். ரெண்டு நாள் இருந்துட்டுப் போ."

"வேலை இருக்கு."

"உனக்கு என்னிக்குத்தான் வேலை இல்ல?" என்று சிரித்தான். "சரி, யாரோ உன்னைக் கூப்பிடறாங்க பாரு. போய் என்னன்னு கேளு. நான் அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டான். அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வெளியே வெயில் இறங்கி, தரையில் இருந்த ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் ஏறியிருந்தது. மருந்தும் வியர்வையும் கலந்த வாடை லேசாக வந்தது. ஏழு மாதமாக இந்த வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

'யார் நீங்கள்? உங்கள் குரலைப் பதிந்து அனுப்புங்கள்' என்று எழுதினாள். இரண்டு முறை தவறாகத் தட்டி, இரண்டு முறை அழித்து, அனுப்பினாள்.

இரண்டாவது கோப்பு. தட்டச்சுச் சத்தம் மட்டும். விரைவாக ஓடி, தடுக்கி, இரண்டு அழிப்பு, மறுபடி ஓட்டம். மறுபடி தடுக்கல், இரண்டு அழிப்பு. கடைசியில் ஒரு தட்டு. அவள் சற்று முன் எழுதிய அதே செய்தி, அவள் விரல்களின் சத்தத்தில். பக்கத்திலிருந்து பதிந்ததல்ல. நடுவில் ஒரு கதவு இருந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் உள்ளறைக் கதவு. அன்றிலிருந்து சாத்தியே கிடக்கிறது. அவள் படுப்பதெல்லாம் முன்னறை சோபாவில்தான்.

ஓடிவிடலாம். வாசல் பத்தடி தூரம். மணி ஐந்து ஐம்பத்தெட்டு. இப்போது எழுந்து போனால் இன்னொருவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார், கணவர் கூப்பிட்டாரா என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். எப்போதும் செய்வதுபோலக் கடைசிப் பத்து நொடி வரை காத்திருந்தாள். பிறகு விலையை ஏற்றினாள்.

'வாழ்த்துகள். ஏலம் உங்களுக்கே.'

அடுத்த நொடி மூன்றாவது கோப்பு வந்தது. நாற்பத்தொரு நிமிடம்.

முதலில் மின்விசிறி. தூரத்தில் தட்டச்சு. பிறகு அவர். தொந்தரவு செய்யக் கூடாது என்று தணித்துக்கொண்ட குரல்.

"ஏம்மா... கொஞ்சம் வாயேன்."

தட்டச்சு நிற்கவில்லை.

"ஏம்மா. இங்க வாயேன். மூச்சு விட முடியல."

தட்டச்சு நிற்கவில்லை. அவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் மூச்சு கொஞ்சம் குறைந்தது. ஆறாவது நிமிடத்தில் அவளால் தாங்க முடியவில்லை. ஹெட்போனைப் பிய்த்துக் கழற்றினாள்.

"ஏம்மா, வாயேன்."

சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து.

போக வேண்டும். ஏழு மாதமாக அவள் அழுதது இதற்காகத்தான், ஒரு தடவை கேட்டிருந்தால் ஓடியிருப்பேனே என்று. இதோ கேட்கிறது. எழவில்லை. அவ்வளவு பயம், அதைவிட அவமானம். அவள் ஹெட்போனை எடுத்து இரண்டு காதுகளையும் இறுக மூடிக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள். விரல்கள் தாமாகவே விசைப்பலகைக்குப் போயின. பாதியில் விட்டிருந்த சாட்சியத்தைத் தட்ட ஆரம்பித்தாள்.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அதில் கூப்பிடும் குரல் நின்றது.

கட்டில் முனகியது.

கதவின் கீல்.

வெறும் தரையில் வெறுங்கால். ஓர் அடி. நின்றது. இன்னோர் அடி.

இப்போது தட்டச்சுச் சத்தத்துக்கும் கருவிக்கும் நடுவில் கதவு இல்லை. ஒவ்வோர் அடிக்கும் அது பெரிதாகியது. தட்டுவதை நிறுத்தினாள். பதிவிலும் நின்றது. ஒரு பெண்ணின் மூச்சு கேட்டது, சின்னச் சின்னதாக, பயந்துபோய். அவளுடையதுதான். மிகப் பக்கத்தில்.

அந்த மூச்சுக்கு மேலே இன்னொரு மூச்சு.

திரும்பவில்லை. கண்களை மூடிக்கொண்டாள்.

இரண்டு விரல்கள், சில்லென்று, அவள் இடது காதின் மூடியைப் பிடித்து மெதுவாக விலக்கின.