பனி அள்ளிய துணி

வேலிகா அக்காவின் வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபோது அவள் எங்களை உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் புனித கியோர்கி திருநாள். கதவில் பச்சைத் தழையைக் கட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"சூனியக்காரி படம் எடுக்குறவங்க நீங்கதானா? ஊர்ல வேற எவனும் எடம் தரலேன்னு எங்கிட்ட வந்தீங்களாக்கும்."

அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். எனக்குத்தான் புத்தி இல்லை.

நான் நெவெனா, ஒலிப்பதிவு என் தொழில். என் நான்கு மாதக் குழந்தை பில்யானாவையும் தலைநகர் சோஃபியாவிலிருந்து தூக்கிக்கொண்டு அந்த மலைக் கிராமத்துக்கு வந்திருந்தேன். அவள் புட்டிப் பாலைக் கண்டாலே துப்புவாள், என் பால்தான் வேண்டும். குழுவில் மொத்தம் மூன்று பேர். போயான் இயக்குநர், கேமராவும் அவன்தான். நடிகை ரூமியானா. பிறகு நான்.

ஆறு நாட்டுச் சூனியக்காரிகளைப் பற்றி ஆறு குறும்படங்கள். அதில் பல்கேரியாவின் பங்கு பத்து நிமிடம். மற்ற ஐந்தையும் பார்த்துவிட்ட போயான் வழியெல்லாம் புலம்பினான்.

"ஒருத்தன் படத்துல ஆட்டுக்கடா மேல பறந்து போறா. இன்னொருத்தன் படத்துல காட்டுக்குள்ள கொப்பரையில புள்ளைங்கள வேகவைக்கிறா. எல்லாம் கெழடு, எல்லாருக்கும் மூக்கு நீளம். நம்மவ அப்படியா? பக்கத்து வீட்டுக்காரி மாதிரியே இருப்பா."

எங்கள் நாட்டுச் சூனியக்காரி பறக்கமாட்டாள். கியோர்கி திருநாள் விடியலில் அடுத்தவர் புல்வெளியில் வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு நடப்பாள், அவ்வளவுதான். துணி பனியைக் குடிக்கும். 'இந்தப் புல்லுல உள்ள பாலெல்லாம் எங்கிட்ட வந்துடு' என்று மூன்று தடவை சொல்லிப் பிழிவாள். அன்றோடு அந்த வீட்டு மாட்டுக்கு மடி வற்றிவிடும்.

வேலிகா அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "துணிய இழுங்க, உருளுங்க, என்ன வேணா பண்ணுங்க. அந்த வார்த்தைய மட்டும் என் புல்லுல நின்னு சொல்லக்கூடாது. வாய மட்டும் அசைங்க."

குரலைச் சோஃபியாவில் ஸ்டுடியோவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று போயான் ஒத்துக்கொண்டான்.

அன்று மாலை முழுக்க பில்யானா ரூமியானாவின் மடியில்தான் இருந்தாள். ரூமியானாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு தடவை கரு வயிற்றில் தங்காமல் போயிருந்தது. பால் கொடுக்க நான் குழந்தையை வாங்கியபோது, "இன்னும் கொஞ்ச நேரம் எங்கிட்ட இருக்கட்டுமே" என்றாள். வாங்கிய பிறகும் அவள் கைகள் குழந்தையைப் பிடித்த நிலையிலேயே இருந்தன.

விடியலில் படப்பிடிப்பு நன்றாகவே நடந்தது. மூடுபனி, ஈரப் புல் வாசனை, தூரத்து மந்தையின் மணியோசை. போயான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனான்.

என் தொழில் திமிர் அங்கேதான் தலையைத் தூக்கியது. ஸ்டுடியோக் குரலில் காற்று இருக்காது, உயிர் இருக்காது. எனக்குப் பிடிக்காது.

"ரூமி, ஒரே ஒரு தடவ சொல்லு. கேமரா இல்ல, குரல் மட்டும்."

"அந்தக்கா வேணாம்னாங்களே?"

"மாடு தொழுவத்துல கெடக்கு. இங்க ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்ல. யார் பால் போயிடப்போவுது?"

குழந்தை தூங்கும் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், மூன்று தடவை. துணியையும் பிழிந்தாள்.

மணியோசை நின்றது.

வழக்கம்போல, பின்னணிக்குச் சேர்க்க, அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்தேன். ஹெட்போனில் காற்றுகூட இல்லை.

பிறகு, காதோரமாக, ஒரு சின்னக் குரல்.

"வரேன்."

சுற்றிலும் யாருமில்லை. என் மார்புக்குள் ஐஸ் தண்ணீர் இறங்கியதுபோல் இருந்தது.

வீட்டுக்குள் பில்யானா வீறிட்டாள். ஓடிப்போய் மார்போடு அணைத்தேன். சப்பினாள், விட்டாள், இன்னும் கத்தினாள். ஒரு சொட்டு இல்லை. விடிவதற்கு முன்பு கனத்துக்கிடந்த மார்பு துவண்டு கிடந்தது.

நிரம்பிய பால்வாளியோடு உள்ளே வந்த வேலிகா அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே வாளியை வைத்துவிட்டாள்.

"சொல்லிட்டீங்களா? அடி அறிவுகெட்டவளே! மாடு உள்ள இருந்துச்சு சரி. அந்தப் புல்லுல நின்ன பால்காரி நீதானேடி!"

வாசலில் ரூமியானா நின்றாள். அவள் சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது.

பால் வாசனை.

பில்யானா அழுகையை நிறுத்திவிட்டு அவள் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"பனி காயறதுக்குள்ள அதே புல்லுல துணிய விரிச்சு, திரும்பிப் போன்னு சொல்லணும்" என்று வேலிகா அக்கா ரூமியானாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பிழிஞ்சவ வாயால வரணும். போடி, ஓடு!"

"ரூமி, உன் காலப் புடிக்கிறேன்" என்றேன்.

ரூமியானா மெதுவாக நடந்து அடுப்பருகே போனாள். கையிலிருந்த ஈரத் துணியை நெருப்பில் போட்டாள். அது சீறிச் சீறி எரிந்தது.

"நீதானே சொல்லச் சொன்ன" என்றாள். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

மதியம்வரை தாங்கினேன். புட்டியைத் துப்பித் துப்பிக் குழந்தையின் உதடு காய்ந்துபோனது. கடைசியில் நானே அவளை ரூமியானாவின் மடியில் வைத்தேன்.

டாக்டர்கள் எனக்கு அதிர்ச்சி என்றார்கள், ரூமியானாவுக்கு ஹார்மோன் என்றார்கள். அவள் பாலைத் தவிர வேறெதையும் குடிக்காததால் ஒரு வருடமாகக் குழந்தை அவள் வீட்டில்தான் வளர்கிறாள், நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்தச் சின்னக் குரலை யாரோ கிராமத்துப் பிள்ளை என்று போயான் படத்திலிருந்து வெட்டிவிட்டான். நான் அழிக்கவில்லை. எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இன்று மறுபடியும் கியோர்கி திருநாள். பதினாறு மாதமாகியும் பில்யானா ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் ரூமியானா வீட்டு வராந்தாவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா சொல்லு, அம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து ரூமியானா அழைத்தாள். "வந்துடு."

பில்யானா என் கையை விலக்கிவிட்டு இறங்கினாள். முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"வரேன்."

நான் ஒரு வருடமாக ஹெட்போனில் கேட்டுவரும் அதே குரல்.