மாடுகள் காட்டிய படகு

"ஊர்ப் படகு எங்க?"

ஊராரின் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் பேரின்பம்தான். அவனோ தலையைக் குனிந்துகொண்டான்.

புளியடிவெட்டைப் பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் ஊரே ஒதுங்கியிருந்தது. கீழே வகுப்பறைகளில் கழுத்தளவு வெள்ளம். பேரின்பத்தின் மனைவி வதனிக்கு நேற்றிலிருந்து பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவமாது சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது.

"சொல்லுங்க அத்தான்," என்றாள் வதனியின் தங்கை கிருஷாந்தி.

"மாட்டுப்பட்டியில இரிக்கு. கோடையில பவுசர் லொறியில வாற தண்ணிய ஊத்தி வைக்க ஒண்டும் இல்ல. படகத்தான் தொட்டியா வெச்சன். கழுவி விட அடியில ஓட்டையும் போட்டன்."

கிருஷாந்திக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போன வெள்ளத்தில் நிவாரணக்காரர்கள் தந்த படகு அது! வறட்சி வந்தால் வெள்ளத்தை அடியோடு மறந்துவிடுவது அந்த ஊரின் புத்தி. அவளும் அந்தப் படகில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியவள்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு கயிற்றை எடுத்தாள்.

வெற்றுக் கேன்களைப் பிணைத்துப் பிடித்துக்கொண்டு மூவர் வெள்ளத்தில் இறங்கினார்கள். மூன்றாமவன் டிலக்சன், ஊரில் நன்றாக நீந்தத் தெரிந்தவன். இரண்டு முறை சுழல் அவர்களைப் பிய்த்து எறிந்தது. பட்டியை அடைந்தபோது உச்சி வெயில். அங்கே பட்டியும் இல்லை, படகும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கலங்கல் தண்ணீர். சற்றுத் தள்ளி ஒரு மேட்டில், தப்பிய மாடுகள் நடுங்கிக்கொண்டு நின்றன.

"இந்தக் கலங்கல்ல எங்கயெண்டு தேடுற?" என்றான் டிலக்சன். பேரின்பம் வாய்விட்டு அழுதான். அழுகையின் நடுவே சட்டென்று நிமிர்ந்தான்.

"மச்சாள், கோடையில இந்த நேரம்தான் தகரம் தட்டித் தண்ணிக்குக் கூப்பிடுவன்."

கேனைக் கையால் ஓங்கித் தட்டினான். மாடுகள் காதை உயர்த்தின. ஒரு கிழட்டுப் பசு வெள்ளத்தில் இறங்கியது. மற்றவை பின்தொடர்ந்தன. நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்து, கோடையில் தொட்டியின் இருபுறமும் நிற்பதுபோல இரண்டு வரிசையாக எதிரெதிரே முகம் வைத்து நின்றன. நடுவில் படகளவு இடைவெளி!

மூவரும் அங்கே மூழ்கினார்கள். படகு சேற்றில் அப்படியே கிடந்தது. மூச்சு முட்ட இழுத்து மேட்டில் ஏற்றித் தண்ணீரைக் கொட்டினார்கள். ரப்பர் செருப்பை வெட்டி ஓட்டையில் அடைத்தார்கள். படகு மிதந்ததும் நீரின் அழுத்தம் அந்த அடைப்பைப் பிடுங்கித் தள்ளியது.

பேரின்பம் உட்கார்ந்து, செருப்பைத் திரும்ப அடைத்து அதன் மேல் குதிகாலை ஊன்றினான்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து வதனியை ஏற்றினார்கள். அக்கரை வரை கிருஷாந்தியும் டிலக்சனும் பலகையால் துழாவினார்கள். ஓட்டையின் உடைந்த பைபர் விளிம்பு பேரின்பத்தின் குதிகாலை அறுத்தது. படகினுள் சிவப்பாகத் தண்ணீர் ஊறியது.

"காலை மாத்துங்க அத்தான்."

"மாத்தினா தாழும். நீ துழாவு."

வதனி முனகுவதை நிறுத்தியிருந்தாள். அந்த மௌனத்துக்குத்தான் மூவரும் பயந்தார்கள்.

ஆஸ்பத்திரிப் படியில் படகு முட்டியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வதனியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெகு நேரம் கழித்து உள்ளே ஒரு பெண் குழந்தை வீறிட்டது. தாயும் பிழைத்தாள். அறுபட்ட குதிகாலோடு பேரின்பத்தால் எழுந்து நிற்க முடியவில்லை. இருந்த இடத்திலேயே கும்பிட்டான்.

அடுத்த கோடையில் ஊரார் முதல் வேலையாகச் சீமெந்துத் தொட்டி கட்டினார்கள். ஓட்டை அடைத்த படகைப் பள்ளிக்கூட முற்றத்தில் சாரம் கட்டி உயர்த்தி வைத்தார்கள். மாடுகளுக்கு மட்டும் அது புரியவில்லை. தகரம் தட்டினால் தொட்டியை விட்டுவிட்டு நேரே படகடிக்கு வந்து நின்றன. மகளைத் தோளில் வைத்துக்கொண்டு, பேரின்பம் நாள்தோறும் நொண்டி நொண்டி வந்து அவற்றைத் திருப்பி ஓட்டினான்.