இரண்டாம் ஷிஃப்ட்டின் முதல் கேசட்

குளியல் கூடத்தின் இரும்புக் கதவைத் தோள் கொடுத்துத் தள்ளித்தான் திறக்க வேண்டியிருந்தது. கெரார்ட் இரவெல்லாம் கறிக் குளிர்கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, தூங்காமல் நேராக அங்கே வந்திருந்தான். விரல்களில் இன்னும் மரப்பு விடவில்லை. கிடார் பெட்டியின் கைப்பிடி கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

நிலக்கரிச் சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிறது. இந்தக் கூடம் மட்டும் இடிக்க ஆள் வராமல் நின்றது. உயரத்துச் சன்னல்கள் வழியாகச் சனிக்கிழமை மதியத்தின் சாம்பல் வெளிச்சம் இறங்கியது. கூரையிலிருந்து நூற்றுக்கணக்கில் சங்கிலிகள், முனையில் கொக்கிகளோடு தொங்கின. அந்தக் காலத்தில் தொழிலாளி வீட்டுத் துணியைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்துக் கூரைக்கு ஏற்றிப் பூட்டிவிட்டுச் சுரங்கத்துக்குள் இறங்குவான். வேலை முடிந்து மேலே வந்து, கரி போகக் குளித்து, அதை இறக்கி உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போவான். அடுத்தவன் சங்கிலியைத் தொடுவது அடுத்தவன் தட்டில் கை வைப்பதைவிடக் கேவலம்.

"ஒரு தும்மல் போட்டா ஏழு தும்மலா திரும்பி வருதுடா," என்றான் ஆஹிம். பாஸ் கிடார் அவனுடையது. ஒலிப்பதிவுப் பெட்டியும் அவனுடையதுதான். கட்டடக் காவல்காரன் அவன் மைத்துனன் என்பதால் சாவியும் அவனிடம்தான்.

"எதிரொலி சும்மா கிடைக்குது. வாயை மூடிட்டு ஒயரைப் பிடி," என்றான் கெரார்ட்.

ஓட்டிலியா டிரம் சாமான்களை வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் அவளை ஹாலந்துக்கு ஏற்றிப் போக வேன் வருகிறது. அங்கே கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி பறிக்கும் வேலை. எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் போய்விட்டால் 'இரண்டாம் ஷிஃப்ட்' என்ற, தொண்டை கிழியக் கத்திப் பாடும் ஹார்ட்கோர் பங்க் குழுவும் போய்விட்டது. குழு தொடங்கி ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. பாட்டுகள் இருந்தன, கேசட் இல்லை.

கெரார்டுக்கு நாற்பது நெருங்குகிறது. பத்தொன்பது வயதிலிருந்து எத்தனையோ குழுக்களில் கத்தியாயிற்று. எல்லாம் யாராவது வேலைக்கு வெளிநாடு போனதும் கலைந்தன. அவன் குரல் எந்த நாடாவிலும் ஏறியதில்லை. குளிர்கிடங்கு விரல்களைத் தின்பதற்குள் ஒன்றே ஒன்று மிஞ்ச வேண்டும் என்று நினைத்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் சோதனையிலேயே தொல்லை வந்தது. பாஸ் அதிரும்போதெல்லாம் மேலே எங்கோ கிணிகிணியென்று ஒரு சங்கிலி ஆடியது. ஆஹிம் டார்ச் அடித்துப் பார்த்தான். மற்ற கொக்கிகள் எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் ஒரு துணிமூட்டை இருந்தது.

"எவனோ எடுக்க மறந்துட்டான்."

"மறக்கல, கீழேயிருந்து திரும்பி வரல. அதை விடு," என்றான் கெரார்ட்.

"விட்டா அதுதான் பதிவாகும். உன் பாட்டு கேக்காது. அதுவும் நல்லதுதான்னு வச்சுக்கோ."

துருப்பிடித்த பூட்டு மைக் தாங்கியின் ஒரே அடியில் விட்டது. மூட்டை சரசரவென்று இறங்கி ஆஹிம் மார்பில் விழுந்தது. வெள்ளைச் சட்டை, பழுப்புக் கால்சட்டை, கம்பளிக் கோட்டு. மக்கிய வாடை வரவில்லை. சோப்பு வாசனை வந்தது, காலையில்தான் துவைத்துக் காயப்போட்டதுபோல.

ஆஹிம் வாசனையைக் கவனிக்கவில்லை. அவன் யோசனை வேறு. பெரிய டிரம் அந்தக் கூடத்தில் கோயில் மணியாக முழங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எதையாவது திணித்தால்தான் அடி தெளிவாகக் கேட்கும். எல்லா டிரம்காரர்களும் போர்வையையோ தலையணையையோ திணிப்பார்கள். போர்வை கொண்டுவர மறந்திருந்தார்கள். ஆஹிம் டிரம்மின் முன்தோலில் இருந்த ஓட்டை வழியே சட்டையையும் கோட்டையும் கால்சட்டையையும் திணித்து முடித்தான்.

ஓட்டிலியா வந்து உட்கார்ந்து காலால் ஒரு மிதி மிதித்தாள். முகம் மலர்ந்தது.

"அட! சுவத்துல சம்மட்டி விழுந்த மாதிரி இருக்கு. என்னய்யா வச்சீங்க?"

அவள் அப்பா இந்தச் சுரங்கத்தில் இருந்தவர். யார் துணி என்று சொன்னால் எழுந்து போய்விடுவாள். கெரார்டுக்கு அது நன்றாகத் தெரியும்.

"போர்வை," என்றான்.

பாட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம். ஆஹிமின் சிகரெட்டைவிடச் சின்னவை என்று ஓட்டிலியா சொல்வாள். முதல் மூன்றும் ஒரே மூச்சில் முடிந்தன. கெரார்டின் குரல் கிழிந்து வந்தது, அப்படித்தான் வரவும் வேண்டும். இருபது வருஷக் களைப்பும் அதில் இருந்தது.

பதிவைக் கேட்க அவன் ஹெட்போனை மாட்டினான். முதல் பாட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே தண்ணீர் கொட்டும் சத்தம். வெளியே மழை இல்லை. கூடத்துக்கு அடுத்த அறையில்தான் குளிக்கும் குழாய்கள் இருந்தன. அவற்றை எப்போதோ அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே தண்ணீர் நின்றது. வெறுங்கால் ஓட்டுத்தரையில் பதியும் சத்தம். பிறகு காதோடு காதாக ஒரு குரல். கோபமில்லை. ஷிஃப்ட் முடிந்த எந்த மனுஷனுக்கும் இருக்கிற குரல்.

"என் துணி எங்க?"

கெரார்ட் ஹெட்போனைக் கழற்றினான்.

"எப்படி வந்திருக்கு?" என்று ஓட்டிலியா கேட்டாள்.

"நல்லா வந்திருக்கு."

சிறுநீர் கழிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தான். சுவரில் அறுந்த குழாய்களின் வாய்கள். தரையெல்லாம் உலர்ந்த தூசி. ஒரு குழாய்க்குக் கீழே மட்டும் ஈரம். கரி கரைந்த கறுப்பு ஈரம். அங்கிருந்து வெறுங்கால் தடங்கள் கூடத்துக்குள் போயின. மூட்டையை இறக்கிய சங்கிலிக்கு அடியில் நின்றன. அங்கேயே வட்டம் வட்டமாகச் சுற்றின, எதையோ தேடித் தேடி.

இப்போதே டிரம்மைத் திறந்து துணியை எடுத்துக் கொக்கியில் மாட்டிவிடலாம். அப்புறம் ஓட்டிலியா மிதிக்க மாட்டாள். வேன் வந்துவிடும்.

இன்னும் மூன்று பாட்டு இருந்தது.

கெரார்ட் பூட்ஸ் காலால் தடங்களைத் தேய்த்து அழித்தான்.

கடைசி மூன்றையும் அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். பாடும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று பொறுமையாகக் காத்திருப்பதுபோல் இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் குளிர்ந்தது. ஈர மண் வாசனை அடித்தது.

அவன் திரும்பவில்லை.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. ஓட்டிலியா வியர்வையோடு வந்து இருவர் கழுத்தையும் கட்டிக்கொண்டாள். "ஒரு காப்பி எனக்கு அனுப்புங்கய்யா. தக்காளிக்கெல்லாம் போட்டுக் காட்டுறேன், தானா பழுத்து விழட்டும்." கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் போனதும் கெரார்ட் டிரம்முக்குள் கைவிட்டான். சட்டையைப் பிடித்து இழுத்தான். கையோடு வந்தது ஒரு பிடி தூள். கோட்டும் அப்படித்தான், கால்சட்டையும் அப்படித்தான். சோப்பு வாசனை இல்லை. அத்தனை வருஷமும் இந்த ஒரு மதியத்தில் சேர்ந்து அந்தத் துணிமேல் விழுந்ததுபோல் எல்லாம் மக்கிச் சாம்பலாகியிருந்தது.

"பூச்சி அரிச்சிருக்கும்," என்றான் ஆஹிம்.

"திருப்பி மாட்ட எதுவுமே இல்லடா."

"யாருக்கு மாட்டப் போற? வா, பசிக்குது."

ஞாயிற்றுக்கிழமை ஆஹிம் வீட்டுச் சமையலறையில் இரண்டு கேசட் டெக்குகளை இணைத்துக் காப்பி எடுத்தார்கள். ஆஹிமின் மனைவி ரத்தத் தொத்திறைச்சியை வெங்காயத்தோடு வதக்கிப் போட்டாள். பாட்டுகள் அபாரமாக வந்திருந்தன. கெரார்ட் தன் குரலைத் தானே கேட்டான். இத்தனை வருஷம் கழித்து, நாடாவில். கண் கலங்கியது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டான். நடுவில் தண்ணீர்ச் சத்தமும் இல்லை, குரலும் இல்லை. நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டான்.

கடைசிப் பாட்டு முடிந்த பிறகு நாடா கொஞ்சம் சும்மா ஓடியது. அதில் ஈரக் கால்கள் நடந்தன. கூடத்தைக் கடந்து, கதவைத் தாண்டி, இவர்கள் சாமான் ஏற்றிய வண்டி நின்ற பக்கமாக.

ஆஹிம் தட்டை வழித்துக்கொண்டிருந்தான். கெரார்ட் டெக்கை நிறுத்தினான்.

திங்கட்கிழமை அவனுக்குக் காலை ஷிஃப்ட். முடித்துவிட்டு, ரத்தக்கறை படிந்த வெள்ளை அங்கியோடு கிடங்கின் உடைமாற்றும் அறைக்கு வந்தான். மற்றவர்கள் குளித்துச் சிரித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவன் லாக்கர் திறந்து கிடந்தது.

சட்டை இல்லை. கால்சட்டை இல்லை. கோட்டும் பூட்ஸும் இல்லை. உள்ளே அடித்தட்டில் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது.

"எவன்டா என் துணியை எடுத்தது?"

"எவனுக்குடா வேணும் உன் கந்தல்?" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. அங்கியின் பைக்குள்ளிருந்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். ரூட்டா உடனே எடுத்தாள். எரிச்சலான குரல்.

"எதுக்கு இப்ப வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே போன் பண்ற? துண்டு வேணுமா?"

"ரூட்டா, நான் கிடங்குல இருக்கேன்."

"விளையாடாத. வந்த, ஒரு வார்த்தை பேசல, மூஞ்சியைக் கூடக் காட்டல. என்னைக்கும் போல நேரா பாத்ரூமுக்குள்ள போயிட்ட. எவ்வளவு நேரமா தண்ணியைத் திறந்து விட்டிருக்க? தரையெல்லாம் கறுப்பா ஓடுது. கரியையா அள்ளிட்டு வந்த?"

"ரூட்டா, வெளிய போ. வீட்டை விட்டு உடனே வெளிய போ."

கெரார்ட் போனைக் காதோடு அழுத்தினான். தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அதுவும் நின்றது.

"இரு," என்று ரூட்டா மெல்லச் சொன்னாள். "கதவு திறக்குது."