ஒரு விரல் இடம்

மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டு என்று பெண்வீட்டாரிடம் ஃபோனில் சொல்லி, மறுமுனையில் எழுந்த அழுகையையும் கடைசிவரை கேட்டுவிட்டு, உமாதேவி கண்களை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்ஃபோன் கடையின் மாடியில் அவள் நடத்திவந்த துப்பறியும் அலுவலகத்துக்குப் பெரும்பாலும் இந்த மாதிரி வேலைதான் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிறர் வீட்டுக் குறைகளைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். முழங்கால் வலி ஒரு பக்கம். உண்மையைச் சொல்லிச் சொல்லியே வந்த அலுப்பு இன்னொரு பக்கம்.

"அக்கா, ஒரு பொண்ணு வந்திருக்கு," என்றான் அவளுடைய உதவியாளன் முத்துப்பாண்டி. "கல்யாண விவகாரம் இல்லையாம். திருட்டாம்!" அவன் முகம் தீபாவளிக்கு முந்தின நாள் போல இருந்தது.

"திருட்டு இல்லைங்க," என்று திருத்திக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தாள் அந்த இளம்பெண். "எதுவும் காணாமப் போகல. அவிழ்த்துட்டுத் திரும்பக் கட்டி வச்சிருக்காக."

அவள் பெயர் ரோஸ்லின். ராயப்பன்பட்டிக்காரி. பெங்களூரில் துணி வடிவமைப்பு படித்தபோது ஜப்பானியக் கயிற்றுக் கலையையும் கற்றுக்கொண்டு, ஆறு மாதம் முன்பு ஊர் திரும்பியவள். ஃபோனில் ஒரு படம் காட்டினாள். தலையும் கையும் இல்லாத தையல்கடைப் பொம்மை ஒன்று. அதன் மேல் சிவப்புச் சாயமேற்றிய சணல் கயிறு தோள்களின் வழியாக இறங்கி, மார்பின் இருபுறமும் இலை வடிவில் விரிந்து, நடுவில் கூடி, முதுகுக்குத் திரும்பியது. நகையா உடையா என்று சொல்ல முடியாத ஒரு மார்புக்கட்டு.

"கொச்சியில ஒரு கண்காட்சிக்கு இதைக் கேட்டிருக்காக. நாளைக்குச் சாயங்காலம் வண்டி வருது. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், முடிச்சு என் முடிச்சு இல்ல."

"யார் மேல சந்தேகம்?"

ரோஸ்லின் ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "அண்ணன் மேலதான். 'நெஞ்சுல கயித்தச் சுத்தி நிப்பாட்டி வச்சிருக்க, இது ஒரு வீடா'ன்னு அன்னைக்கே கத்துனாக. மெரட்டுறதுக்குத்தான் இப்படிச் செஞ்சிருக்காக. அண்ணன்தான்னு மட்டும் நீங்க சொல்லிருங்க. பாளையம் போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு அப்படியே கொச்சிக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்."

"அப்பா, அம்மா?"

"ரெண்டு பேரும் இல்ல. எனக்குன்னு இருக்கிறது அண்ணனும் மதினியும்தான்."

உமாதேவி பெருமூச்சு விட்டாள். "கண்டுபிடிக்கிறது லேசும்மா. அதுக்கப்பறம் இருக்கிறதுதான் கஷ்டம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

மறுநாள் காலை முத்துப்பாண்டியின் பைக்கில் ராயப்பன்பட்டி போய் இறங்கினார்கள். வீட்டுக்குப் பின்னாலேயே திராட்சைப் பந்தல் ஆரம்பித்து மலையடிவாரம் வரை போயிற்று. ரோஸ்லினின் அறையில் பொம்மை ஜன்னலோரம் நின்றது. மார்புக்கட்டை எந்த வரிசையில் கட்ட வேண்டும் என்பதைக் காட்டும் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள்.

"இதைப் பாத்து யாரு வேணாலும் கட்டலாமே," என்றான் முத்துப்பாண்டி.

"கட்டலாம். என் மாதிரி வராது." ரோஸ்லின் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இங்கன பாருங்க. ஒவ்வொரு முடிச்சுக்கு அடியிலயும் ஒரு விரல் நுழையுது. ஆளுக்குக் கட்டுனா அப்படித்தான் இடம் விடணும், ரத்த ஓட்டம் நிக்கக் கூடாதுல்ல. பொம்மைக்கு எதுக்கு? நான் இறுக்கித்தான் கட்டியிருந்தேன்."

முத்துப்பாண்டி கயிற்றருகே மூக்கைக் கொண்டுபோனான். "அக்கா! பவுடர்! வெள்ளையா அங்கங்க ஒட்டிருக்கு. யாரோ கைரேகை எடுத்திருக்காங்க!"

"ஏன்டா, திருட வந்தவனே கைரேகை எடுப்பானா?" என்றாள் உமாதேவி. ஆனால் குனிந்து பார்த்தாள். முகத்துக்குப் போடும் சாதாரணப் பவுடர்தான்.

"கயித்துக்குப் புதுசா எண்ணெய் தடவியிருந்தேன்," என்றாள் ரோஸ்லின். "நெருப்புல காட்டிப் பிசிரை எரிச்சு எண்ணெய் போட்டாத்தான் உடம்புல உறுத்தாது. அதுல ஒட்டியிருக்கும். நான் பவுடரே போடுறதில்ல."

உமாதேவி வெகுநேரம் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பு முடிச்சு விழுந்து கயிறும் கயிறும் உரசிய இடங்களில்தான் பவுடர் திட்டாக அப்பியிருந்தது. வலது பக்கத்து இலையில் திட்டுகள் முடிச்சுகளுக்கு நேராகவே இருந்தன. இடது பக்கத்தில் அப்படி இல்லை. முடிச்சு ஓரிடத்திலும் திட்டு ஓரிடத்திலுமாக, ஏறக்குறைய ஒரு கையகலம் விலகியிருந்தது. பொம்மைக்கு இரு பக்கமும் ஒரே அளவுதான். அவள் நிமிர்ந்தபோது முழங்கால் சொடுக்கியது.

"ஞாயித்துக்கிழமை வீட்ல யாரு இருந்தா?"

"மதினி தலைவலின்னு பூசைக்கு வரல. அண்ணன் பாதியில எந்திரிச்சு, மோட்டார நிப்பாட்டணும்னு வந்துட்டாக. அன்னத்தாயி அக்கா பாத்திரம் வெளக்கிட்டுப் போச்சு."

அப்போது ரோஸ்லினின் மதினி எஸ்தர் காப்பி கொண்டுவந்தாள். நாற்பதை நெருங்கியவள், நைட்டி மேல் துண்டு போட்டிருந்தாள். வலது கையில் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. இடது கை வெறுமையாக இருந்தது. சர்க்கரை போதவில்லை என்று முத்துப்பாண்டி சொல்லவும், "அன்னத்தாயி, மேத்தட்டுல சீனி டப்பா இருக்கு, கொஞ்சம் எடுத்துக் குடு ஆத்தா," என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள். கதவு வழியே தெரிந்த அந்தத் தட்டு எஸ்தரின் தலை உயரம்கூட இல்லை.

"அந்தக் கயித்த என்னிய எடுக்கச் சொன்னாலும் தொட மாட்டேன் தாயி," என்றபடி டப்பாவோடு வந்தாள் அன்னத்தாய். "பொம்பளக்கிக் கழுத்துல ஒரு கயிறு கெடக்குறது பத்தாதா? இதுல நெஞ்சுக்கு வேறயா?"

எஸ்தர் சிரித்தாள். ஆனால் கண் பொம்மையின் பக்கம் போய்த் திரும்பியது.

முகம் கழுவப் போகும் சாக்கில் உமாதேவி நடுஅறையைக் கடந்தாள். பீரோக் கண்ணாடியின் நான்கு ஓரங்களிலும் பழைய செய்தித்தாளின் கிழிசல்கள் ஒட்டியிருந்தன. நடுவில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அடியில் பவுடர் டப்பா.

திரும்பி வந்து, "ரோஸ்லின், இதை நீ எப்படிக் கட்டுறேன்னு நான் பாக்கணும். இவன் மேல ஒன்னு கட்டு. முழுசா, நிதானமா," என்றாள்.

"என் மேலயா?" என்றான் முத்துப்பாண்டி.

"கையத் தூக்குங்க," என்றாள் ரோஸ்லின், வெள்ளைக் கயிறு ஒன்றை இரண்டாக மடித்தபடி. "மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. சாதாரணமா விடுங்க."

உமாதேவி பின்வாசல் வழியாகப் பந்தலுக்குள் நடந்தாள்.

பந்தலுக்கடியில் வெயில் பச்சையாக விழுந்தது. ரோஸ்லினின் அண்ணன் அமல்ராஜ் தலைக்கு மேல் கைகளைத் தூக்கி, இளங்கொடிகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டும்போது கொடிக்கு அடியில் தன் ஆள்காட்டி விரலை வைப்பார். முடிச்சு விழுந்தபின் விரலை உருவிக்கொள்வார்.

"என்ன மேடம், கண்டுபிடிச்சாச்சா? எந்தச் சீமத்துரை வந்து கட்டிட்டுப் போனாராம்?"

"விரல எதுக்கு வைக்கிறீங்க?"

"இடம் விடாமக் கட்டுனா, கொடி பெருத்து வர்றப்ப கட்டு அறுத்துரும். கை அதுவாப் போயி நிக்கும்."

"பொம்மை பெருத்து வரவா போகுது?"

அமல்ராஜின் கை அந்தரத்தில் நின்றது.

"கோவத்துல செஞ்ச ஆளுன்னா அறுத்துப் போட்டிருப்பான்," என்றாள் உமாதேவி, ஒரு கல்தூணில் சாய்ந்தபடி. "இல்ல, அவிழ்த்துப் போட்டுட்டுப் போயிருப்பான். படத்தப் பாத்துப் பாத்துத் திரும்பக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டான். அதனால மெரட்டல் இல்ல. கயிறு எதுக்கோ தேவைப்பட்டிருக்கு. அதுல பவுடர் ஒட்டியிருக்கு. பொம்மை பவுடர் போடாது. அப்ப அந்தக் கயிறு ஒரு ஆள் உடம்பச் சுத்தி வந்திருக்கு. அந்தக் கட்ட முதுகுப் பக்கம் இழுத்து முடியணும்னா இன்னொரு ஆள் வேணும்."

அமல்ராஜ் அடுத்த கொடியைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தார்.

"அந்த உடம்புல எடது பக்கத்துக்குக் கயிறு கம்மியாப் போயிருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு மேல நான் பேச வேண்டாம்னு பாக்குறேன். எங்க அக்காவுக்கும் மதுரையில அந்த ஆபரேஷன் பண்ணுனாங்க. அந்தப் பக்கத்துக் கையில வளையல்கூட இறுக்கக் கூடாதும்பாங்க. தூக்குனா வலிக்கும். கண்ணாடியில பேப்பர ஒட்டி மூடுனதும் ஒரு காலத்துல எங்க வீட்ல நடந்ததுதான். உங்க வீட்ல அதை இப்பத்தான் கிழிச்சிருக்காங்க."

அமல்ராஜ் பிடித்திருந்த கொடியை விட்டார். பிறகு கையைக் கீழே இறக்கினார். "ஊருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்கோம். ரோஸ்லிக்கும் அதான் தெரியும். அன்னைக்கி நான் கத்துனதுகூட அதுக்குத்தான். எஸ்தரு கண்ணு முன்னாடி தெனமும் நெஞ்ச அலங்காரம் பண்ணி நிப்பாட்டியிருக்காளேன்னு..." கட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "நீங்க நான்தான்னு சொல்லிருங்க. எரிச்சல்ல செஞ்சேன்னு சொல்லுங்க. ஸ்டேஷனுக்கு வேணும்னாலும் வரேன். அவ பேரு மட்டும் வர வேணாம்."

"தங்கச்சி திரும்பி வரமாட்டேங்குது."

"தெரியும். சொன்னா."

"என்னியக் கேக்காம நீங்க ரெண்டு பேருமே முடிவு பண்ணிருவீகளா?"

எஸ்தர் பந்தல் காலுக்கு அப்பால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

"அந்த ரூமக் கூட்டப் போறப்பல்லாம் பாப்பேன்," என்றாள் உமாதேவியிடம். "தலையில்ல, கையில்ல அந்தப் பொம்மைக்கு. அதுக்கே அந்தச் செவப்பு அம்புட்டு எடுப்பா இருந்துச்சு. எனக்கு நெஞ்சுல ஒரு பக்கம் மட்டுந்தான இல்ல? ஞாயித்துக்கிழம இவுகள்ட்டக் கேட்டேன். ஆபரேஷனுக்கப்பறம் நான் வேணும்னு கேட்ட மொதப் பொருளு. முடியாதுன்னு சொல்ல இவுகளுக்கு வாய் வரல."

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் உமாதேவி.

எஸ்தர் யோசித்தாள். "கோணலா இருந்துச்சு. ஆனா பாத்துக்கிட்டே நின்னேன்." துண்டைச் சரிசெய்துகொண்டாள். "எம்புட்டு நாளாச்சு, நின்னு பாத்து."

"எஸ்தரு, வேணாம்," என்றார் அமல்ராஜ்.

"இதை மறைக்கிறதுக்காகக் கூடப் பெறந்தவளத் தொலைப்பீகளாக்கும்? பேசாம இருங்க." அவள் வீட்டை நோக்கி நடந்தாள். யாரும் அவளைத் தொடரவில்லை.

சிறிது நேரத்தில் முத்துப்பாண்டி பின்வாசல் வழியாகத் தள்ளப்பட்டவன் போல வெளியே வந்தான். சட்டை மேல் வெள்ளைக் கயிறு பாதி கட்டப்பட்டு, மிச்சம் வாலாகத் தொங்கியது. "என்னக்கா இது? நல்லாக் கட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த அம்மா வந்து, 'தம்பி, வெளிய இருங்க'ன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டாக. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா? எல்லாரையும் உக்கார வச்சுச் சொல்லப் போறீங்களா?"

"உக்காரணும்டா. கால் வலிக்குது," என்று உமாதேவி அங்கே கிடந்த உரமூட்டை மேல் உட்கார்ந்தாள்.

கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று. அமல்ராஜ் அதுவரை ஒரே கொடியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ரோஸ்லின் வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. அவரெதிரே வந்து நின்று எதையோ சொல்லத் தொடங்கி, அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"பொம்மைக்கு மூச்சு விட இடம் விட்டிருக்கீகளேண்ணே."

"தெரியாமக் கட்டிட்டேன். நேரம் இருக்குல்ல, அவிழ்த்து இறுக்கிக்க."

"வேணாம். அப்படியே கொண்டு போறேன்." பிறகு, "புதன்கிழமை திரும்பிருவேன். மதினிக்குச் செவப்புலயே ஒன்னு கட்டணுமாம். எடது பக்கம் வேற மாதிரி யோசிக்கணும்," என்றாள்.

அமல்ராஜ் தலையை ஆட்டிவிட்டு, பந்தலில் எதையோ தேடுவது போல மேலே பார்த்துக்கொண்டார்.

சின்னமனூர் தாண்டும்வரை முத்துப்பாண்டி பொறுத்துப் பார்த்தான். பாதிக் கட்டை அவிழ்க்க அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் நேரம் வாய்க்கவில்லை. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"ஸ்டேஷனுக்கும் போகல. யாரு என்னன்னும் சொல்லல. இம்புட்டு தூரம் வந்து என் மேல கயித்தக் கட்டுனதுதான் மிச்சம். யாருதான்க்கா அது?"

"கட்டத் தெரிஞ்ச ஆளு."

"அது யாரு?"

மேடுபள்ளத்தில் விழுந்துவிடாமல் இருக்க உமாதேவி அவன் முதுகுக் கயிற்றைப் பிடித்திருந்தாள். ரோஸ்லின் வழக்கப்படி இடம் விட்டிருந்ததால் ஆள்காட்டி விரல் அடியில் சிரமமில்லாமல் நுழைந்தது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு, பைக் வீரபாண்டியை எட்டுவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.