இடது குழலில் ஒரு துணி

ராயபுரத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஹில்டாவின் மேசைமீது, ஆன்றோ தன் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியையும் ஒரு கந்தல் துணியையும் வைத்தார்.

“என் தங்கச்சி புருசன் பாரி என்னைக் கொல்லப் பார்த்தான், மேடம். இன்னிக்குக் காலைல எண்ணூர்ல அவன் நடத்துற துப்பாக்கி சுடுற போட்டி. இடது குழல்ல துணி அடைச்சு கீது! சுட்டிருந்தா குழல் வெடிச்சு கை போயிருக்கும்.”

“துணியைக் கண்டுபிடிச்சது யாரு?”

“அவன்தான். ஒவ்வொரு துப்பாக்கியையும் டார்ச் அடிச்சுப் பார்ப்பான். ஒரே பேஜாரு! போன ஞாயித்துக்கிழமை திருவொற்றியூர் போட்டிக்குப் போனேன். செக்கிங்கே கெடையாது, இன்னா சுகம்!”

“பொறாமை!” என்று துள்ளினான் உதவியாளன் கமால். “கூட்டமெல்லாம் திருவொற்றியூர் போயிடுதுன்னு அவனே அடைச்சிருக்கான்!”

ஹில்டா பாரியை வரவழைத்தார். அவன் வந்ததும் அவனும் ஆன்றோவும் எந்தப் போட்டி உசத்தி என்று கத்தத் தொடங்கினார்கள். ஹில்டா மேசையைத் தட்டினார்.

“போதும்! ஆன்றோ, திருவொற்றியூர்ல எப்படிச் சுடணும்?”

“குறி பார்த்துச் சுட, ஒரு தபாவுக்கு ஒரு மண்தட்டைத்தான் மேல பறக்க விடுவாங்க. வலது குழல்ல மட்டும் தோட்டா போட்டேன்.”

“எண்ணூர்ல?”

“ரெண்டு தட்டு சேர்ந்து பறக்கும்” என்றான் பாரி. “ரெண்டு குழலும் வேணும்.”

ஹில்டா துப்பாக்கியைப் பிரித்து, குழல்களுக்குள் டார்ச் அடித்தார்.

“வலது குழல் பளபளன்னு இருக்கு. இடது குழல்ல துணி இருந்த இடத்துல துரு வளையம். துணியிலயும் துருக்கறை. ஒரு காலைப்பொழுதுல இவ்வளவு துரு ஏறாது. திருவொற்றியூர்ல நீங்க சுடும்போதே துணி உள்ளே இருந்திருக்கு. அதுக்கு முன்னாடி துப்பாக்கி எங்கே இருந்துச்சு?”

“எலக்‌ஷனுக்காக போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருந்தேன்...” ஆன்றோவின் குரல் இறங்கியது. “உப்புக்காத்து பூந்துடும்னு, நான்தான் லுங்கியைக் கிழிச்சு ரெண்டு குழல்லயும் அடைச்சேன். திரும்ப வாங்கினப்போ வலது பக்கம் எடுத்தேன். இடது...”

“திருவொற்றியூர்ல யாரும் பார்க்கலை. எண்ணூர்ல பாரி பார்த்தார்” என்றார் ஹில்டா.

கமால் தலையைக் குனிந்துகொண்டான். ஆன்றோ, குழலைத் தாங்கிப் பிடிக்கும் தன் இடது கையையே வெறித்தார்.

“மாப்ள...”

“என்னாண்ட ஒண்ணும் சொல்லாத” என்றான் பாரி எரிச்சலுடன். “நீ போன்ல கத்துனதுலேர்ந்து உன் தங்கச்சி கிறிஸ்டினா அழுதுகினே கீறா. ஒரு வாய் சாப்புடல.”

அவனே எண்ணை அழுத்தி, போனை நீட்டினான். ஆன்றோ வாங்கிக் காதில் வைத்தார்.

“கிறிஸ்டி, அண்ணன் பேசறேன். தப்பு என்னுதுதான், நீ மொதல்ல சாப்புடு” என்றார்.